25 வயதுக்குள் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க எந்த வழி?

அமெரிக்காவில் 18 வயது நிரம்பியவர் வாக்களிக்கலாம். பெரும்பாலான மாநிலங்களில், பெற்றோர் கையெழுத்து இல்லாமலே கார்க் கடன் ஒப்பந்தமும் செய்துகொள்ளலாம். ஆனால் அதே இளைஞர் டீலரிடம் போய் ஃபோர்டு மஸ்டாங் ஜிடியையோ செவர்லே கார்வெட்டையோ ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்டால், சாவி அவ்வளவு எளிதில் கைக்கு வராது. "முதலில் விலை பேசி முடிப்போம், பிறகு ஓட்டலாம்" என்பார்கள்; அல்லது அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். நாற்பதாயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கத் தயாராக வந்தவருக்கு இது அவமானமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் முன் ஐந்து வழிகள் இருக்கின்றன. டீலரிடமே முயல்வது, வாடகைக்கு எடுப்பது, தயாரிப்பு நிறுவனத்தின் ஓட்டுநர் மையத்துக்குப் போவது, திருப்பித் தரும் வசதியோடு பழைய காரை வாங்குவது, கூம்புகளுக்கு இடையே ஓட்டும் ஆட்டோகிராஸ் விளையாட்டு மைதானத்துக்குப் போவது ஆகியவையே அவை. காரில் கீறல் விழுந்தால் பணம் கட்டப்போவது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. வயது வரம்பு 18 ஆவதும் 21 ஆவதும் 25 ஆவதும் அந்த விடையைப் பொறுத்துத்தான்.

டீலரிடம் முயல்வது

டீலர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய காப்பீடு. விற்பனைக்கு நிற்கும் கார்கள் அனைத்தும் டீலரின் பொதுப் பாலிசியின் கீழ் வருகின்றன. அந்தப் பாலிசியில் 21 அல்லது 25 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டுவதற்குத் தனி நிபந்தனை இருப்பது சகஜம். காப்பீட்டு நிறுவனங்கள் இதைக் கற்பனையில் செய்யவில்லை: நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தின் கணக்குப்படி, ஓட்டும் ஒவ்வொரு மைலுக்கும் 16 முதல் 19 வயதினர் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் விகிதம், 20 வயதுக்கு மேற்பட்டவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புளோரிடா போன்ற மாநிலத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே கார் ஓர் ஆபத்தான கருவி என்று 1920-இல் நீதிமன்றம் வகுத்த கோட்பாட்டின்படி, ஓட்டியவரின் தவறுக்குக் காரின் உரிமையாளரும் பொறுப்பு. இந்த நிலையில் 19 வயதுக்காரரிடம் 480 குதிரைத்திறன் கொண்ட காரின் சாவியைக் கொடுக்கும் விற்பனையாளர், தன் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இருந்தாலும் எல்லா மறுப்பும் வயதால் வருவதில்லை. இதைப் பிரித்தறியாமல் பல இளைஞர்கள் வீணாகச் சண்டையிடுகிறார்கள். டொயோட்டா ஜிஆர் கொரோலா, ஹோண்டா சிவிக் டைப் ஆர் போன்ற கார்கள் குறைந்த எண்ணிக்கையில் வருகின்றன. பல வேளைகளில் லாரியிலிருந்து இறங்கும் முன்பே ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். பணம் கட்டிய வாடிக்கையாளரின் புதிய காரை வேறொருவர் ஓட்டிப் பார்க்க எந்த டீலரும் விடமாட்டார், கேட்பவருக்கு 50 வயதானாலும் சரி. எனவே, "எனக்கு ஓட்டத் தருவீர்களா?" என்று கேட்பதற்கு முன், "இந்த வகையில் விற்காத கார் அல்லது டெமோ கார் உங்களிடம் இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்பது நல்லது. கார் இருந்து, தயக்கம் வயதைப் பற்றியது என்று தெரிந்தால், அதைக் கரைக்கும் பொருள்கள் உண்டு. கிரெடிட் யூனியன் என்னும் கூட்டுறவுக் கடன் சங்கம் தந்த கடன் முன் ஒப்புதல் கடிதம், தன் பெயரில் உள்ள காப்பீட்டு அட்டை, கூட்டமில்லாத வேலைநாள் காலைக்கு முன்கூட்டியே பேசி வாங்கிய நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விற்பனையாளரின் முகம் மாறுவதைக் காணலாம். வேடிக்கை பார்க்க வந்தவரையும் வாங்க வந்தவரையும் பிரித்துப் பார்ப்பதே அவருடைய அன்றாடப் பிழைப்பு. முன் ஒப்புதல் கடிதம் அந்த வேலையை அவருக்கு எளிதாக்கிவிடுகிறது. மாறாக, வெறும் டெஸ்ட் டிரைவுக்காக முன்பணம் கேட்கும் டீலரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. திருப்பித் தரப்படும் என்று எழுத்தில் தந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகு கிடைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். விற்பனையாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க, அவர் சொல்லும் வழியில், நான்கு சிக்னல்களைக் கடந்து திரும்பும் ஒரு சிறு ஓட்டம்தான் அது. அதில் காரின் வேகத்தை அறிய முடியாது, முயலவும் கூடாது. இப்போதைய கார்வெட்டில் முதல் 500 மைல் வரை, கீழ் கியர்களில் எஞ்சினின் முழு இழுவிசையையும் கார் தானே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஆகவே புத்தம் புதிய காரை ஓட்டிப் பார்ப்பவர் அதன் முழு வலிமையைச் சந்திப்பதே இல்லை. ஆனால் வேறு சில செய்திகளை அந்தப் பத்து நிமிடம் தெளிவாகச் சொல்லிவிடும்: இருக்கை இடுப்பை அழுத்துகிறதா, பின்பக்கக் கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறது, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, வேகத்தடையில் முன்பக்கம் உரசுகிறதா. கியர் கார் விஷயத்தில் இது முக்கியம், ஏனெனில் டைப் ஆர் கியர் மாற்றும் காராக மட்டுமே வருகிறது. தமிழ்நாட்டில் ஓட்டப் பழகி அங்கே போனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிளட்ச் பழகிய காலுக்குத் தொல்லை இல்லை, ஆனால் இதுவரை இடக்கை செய்த வேலையை இனி வலக்கை செய்ய வேண்டும், இரண்டாம் கியருக்குப் பதில் நான்காவதில் விழுந்து கார் திணறும் முதல் அனுபவம், விற்பனையாளர் அருகில் இருக்கும்போது நேராமல் பார்த்துக்கொள்வது நலம்.

வாடகைக்கு எடுப்பது

காகிதத்தில் பார்த்தால் இதுவே நேர்மையான வழி: பணம் கொடுக்கிறோம், ஒரு நாள் முழுவதும் ஓட்டுகிறோம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாடகை உலகில்தான் 25 என்ற எண் மிக உறுதியாக வேரூன்றியிருக்கிறது. 1966-இல் ஹெர்ட்ஸ் நிறுவனம் ஷெல்பி ஜிடி350எச் காரை ஒரு நாளுக்கு 17 டாலர், ஒரு மைலுக்கு 17 சென்ட் என்று வாடகைக்கு விட்டபோதே, 25 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வார இறுதியில் அவற்றைப் பந்தயத் திடலுக்கு ஓட்டிச் சென்று திங்களன்று நல்ல பிள்ளையாகத் திருப்பித் தந்தவர்களின் கதைகள் இன்றும் உலவுகின்றன; நிபந்தனை எவ்வளவு பயன் தந்தது என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றைய ஹெர்ட்ஸ் பொதுவாக 20 வயதிலிருந்தே கார் தருகிறது. 24 வரை கூடுதல் கட்டணம் வாங்குகிறது. இங்கே ஒரு பொறியும் உண்டு: வாடகை நிலையங்களில் நிற்கும் மஸ்டாங்குகளில் பல 2.3 லிட்டர் டர்போ எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்டவை. எட்டு சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி8 எஞ்சின் மஸ்டாங் வாங்கப்போகிறவருக்கு அந்தக் கார் இருக்கை, பார்வை, ஓசை அடக்கம் பற்றிச் சொல்லும். எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தனியார் கார்களை வாடகைக்கு இணைக்கும் டூரோவில்தான் வேண்டிய எஞ்சினும் கியரும் கொண்ட அதே காரைத் தேடிப் பிடிக்க முடியும். அங்கே 18 வயதிலேயே சேரலாம். ஆனால் 21 வயதுக்குக் கீழே தெரிவு குறுகுகிறது, 25 வரை இளம் ஓட்டுநர் கட்டணம் உண்டு, விலையுயர்ந்த 'டீலக்ஸ்' வகைக்கு 25, அதற்கும் மேற்பட்ட 'சூப்பர் டீலக்ஸ்' வகைக்கு 30 வயது என்று படிகள் ஏறுகின்றன. மாஸ்டா மியாட்டா, டொயோட்டா ஜிஆர்86, சுபாரு பிஆர்இசட் போன்ற எளிய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடும் 22 வயதுக்காரருக்கு டூரோவே முதல் தெரிவு என்பேன். ஒரு நாள் வாடகையில் அவர் அந்தக் காரில் கடைக்குப் போய்ச் சாமான் ஏற்றலாம், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் இரைச்சலைக் கேட்கலாம், இரவில் முன்விளக்கைச் சோதிக்கலாம். டீலரின் பத்து நிமிடம் இதற்கு ஈடாகாது. காப்பீட்டை மட்டும் கவனிக்க வேண்டும்: கிரெடிட் கார்டுகள் தரும் வாடகைக் கார்ப் பாதுகாப்பு, பொதுவாக டூரோவுக்குப் பொருந்துவதில்லை.

தயாரிப்பாளரின் ஓட்டுநர் மையம்

விந்தை இங்கேதான். எளிய காரின் டீலர் 20 வயதுக்காரரைத் தயக்கத்தோடு பார்க்க, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள போர்ஷே 911-ஐ 18 வயதும் செல்லுபடியாகும் உரிமமும் உள்ளவரிடம் போர்ஷே நிறுவனமே ஒப்படைக்கிறது. அட்லாண்டா விமான நிலையத்தை ஒட்டி 2015-இலும், லாஸ் ஏஞ்சலஸ் அருகே கார்சனில் 2016-இலும் திறந்த அதன் அனுபவ மையங்களில், பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஓட்டலாம். ஈரமாக்கிய வழுக்குத் தளத்தில் கார் பின்பக்கம் சறுக்குவதையும் அதை அடக்குவதையும் கற்கலாம். பொதுச் சாலையில் கற்றால் காவலரையோ மருத்துவரையோ சந்திக்க நேரும் பாடம் அது. பிஎம்டபிள்யூவும் தென் கரோலினாவில் தன் தொழிற்சாலைக்கு எதிரிலும் கலிபோர்னியாவின் தெர்மலிலும் இத்தகைய மையங்களை நடத்துகிறது. கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். அந்தக் கட்டணத்திலும் மூடிய திடலிலும் பக்கத்து இருக்கையிலும் அபாயம் பங்கிடப்பட்டிருப்பதால்தான் 18 வயது போதுமாகிறது.

குறை என்னவென்றால், இது போர்ஷேவோ பிஎம்டபிள்யூவோ வாங்க நினைப்பவருக்கே நேரடியாகப் பயன்படும். மற்ற நிறுவனங்கள் பயிற்சியைப் பெரும்பாலும் வாங்கிய பின் தரும் பரிசாக வைத்திருக்கின்றன: கார்வெட் வாங்கியவருக்கு நெவாடாவில் உள்ள ரான் ஃபெல்லோஸ் பள்ளியில் சலுகைக் கட்டணம், ஜிஆர்86 வாங்கியவருக்கு நாசா என்ற தேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தில் ஓராண்டு உறுப்பினர் உரிமையும் பந்தயத் திடலில் ஓட்டும் ஒரு நாளும். விண்வெளி நாசாவோடு இதற்குத் தொடர்பில்லை.

திருப்பித் தரும் வசதியோடு பழைய கார்

பழைய கார்களை இணையத்தில் விற்கும் கார்வானாவில் ஏழு நாளுக்குள், 400 மைலுக்குள் ஓட்டித் திருப்பித் தரலாம். இன்னொரு பழைய கார் விற்பனை நிறுவனமான கார்மேக்ஸ் 2021-இல் 24 மணி நேர டெஸ்ட் டிரைவையும் 30 நாள் திருப்பும் வசதியையும் அறிவித்தது. பின்னர் திருப்பும் காலம் 10 நாளாகச் சுருங்கியது. டீலரிடம் வாங்கிய காரை மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி கிடையாது. இவை அந்தந்த நிறுவனம் தானே தரும் சலுகைகள் என்பதால், விதிகளை வாங்கும் நாளில் படித்துவிட வேண்டும். இந்த வழியில் வயதுத் தடை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, ஏனெனில் ஓட்டும்போது கார் வாங்கியவருடையது, காப்பீடும் அவருடையது. கீறல் விழுந்தால் திருப்ப முடியாமல் போகும் நட்டமும் அவருடையதே. கடன் விண்ணப்பம் கடன் வரலாற்றில் பதிவாகும். காரைத் திருப்பினாலும் அந்தப் பதிவு உடனே அழியாது. இதைவிட முக்கியமானது, காப்பீட்டுக்காக முன்கூட்டியே விலை கேட்டுப் பார்ப்பது. 20 வயதுக்காரருக்கு மஸ்டாங் ஜிடிக்கான பிரீமியம் சில மாநிலங்களில் மாதத் தவணையோடு போட்டியிடும் அளவுக்கு உயர்வதால், டெஸ்ட் டிரைவ் என்ற கேள்வியே அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துபோகக்கூடும்.

ஆட்டோகிராஸ்

வாகன நிறுத்தத் திடலில் கூம்புகளை அடுக்கி, குறைந்த நேரத்தில் முடிக்க ஒருவர் பின் ஒருவராக ஓட்டும் இந்த விளையாட்டை, 1944-இல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 'சோலோ' என்ற பெயரில் நாடெங்கும் நடத்துகிறது. உள்ளூர்ப் போட்டியின் நுழைவுக் கட்டணம் பொதுவாக நூறு டாலருக்குள் அடங்கும். தன் வீட்டுப் பழைய காரிலேயே கலந்துகொள்ளும் இளைஞர், நாள் முடிவதற்குள் மியாட்டாவிலும் கார்வெட்டிலும் பயணியாக உட்கார்ந்து பார்த்திருப்பார். ஒரே காரை இருவர் ஓட்டுவது அங்கே வழக்கம் என்பதால், பழகிய பின் ஓட்டவும் வாய்ப்புக் கிடைக்கலாம். கிளட்ச் எத்தனை மைலில் தேய்ந்தது, டயர் மாற்ற என்ன செலவானது, எந்த ஆண்டுக் காரைத் தவிர்க்க வேண்டும் என்பதையெல்லாம் விற்பனையாளர் சொல்லமாட்டார். இந்த உரிமையாளர்கள் கேட்காமலே சொல்வார்கள்.

ஆக, ஜிஆர்86 அல்லது மியாட்டா வாங்கும் 21 வயதுக்காரர் டூரோவில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, முன் ஒப்புதல் கடிதத்தோடு டீலரிடம் போகலாம். அங்கே பத்து நிமிடம் தந்தாலும் தராவிட்டாலும் அவருக்கு இழப்பில்லை. டைப் ஆர், ஜிஆர் கொரோலா தேடுபவருக்கு டீலர் வழி ஏறக்குறைய மூடியதே. அவர் ஆட்டோகிராஸ் திடலில் உரிமையாளர் ஒருவரைக் கண்டுபிடிப்பதே விரைவு. போர்ஷே வாங்கும் வசதியுள்ள இளைஞருக்கு அனுபவ மையம் இருக்கும்போது வேறெங்கும் அலையத் தேவையில்லை. மிகவும் இக்கட்டில் இருப்பவர், கார்வெட் மீது மோகம் கொண்ட 20 வயதுக்காரர்தான்: வாடகையில் வயது தடுக்கும், டீலரிடம் காப்பீடு தடுக்கும். அவருக்கு எஞ்சியிருப்பது, திருப்பும் வசதியோடு சற்றே பழைய கார்வெட் ஒன்றைத் தன் பெயரில் காப்பீடு செய்து எடுத்து, முதல் 500 மைல் கட்டுப்பாடு என்றோ நீங்கிவிட்ட அந்தக் காரை, ஏழு நாளும் கீறல் படாமல் ஓட்டிப் பார்ப்பதுதான்.