கோத்தகிரியில் படிவம் 6 போட ஒரு கடை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், குறுகலான மாடிப்படி ஏறிப் போகிற ஜெராக்ஸ் கடை. கீழே வர்க்கி வாசனை அடித்தால் சரியான படிதான். கடைப் பேர் போட வேண்டாம் என்று கடைப் பையனே சொல்லிவிட்டார், "இருக்கிற கூட்டமே போதும்க்கா" என்று. பான் கார்டு, ரேஷன் கார்டு, வில்லங்கம் எல்லாம் போட்டுத் தருகிறார்கள். நான் போனது என் தம்பியை வாக்காளர் பட்டியலில் மறுபடி சேர்க்க, அதற்கான படிவம்தான் இந்தப் படிவம் 6.

தம்பி ஒரு அடிதடி கேஸில் தண்டனையாகி, கோவை மத்திய சிறையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவன். இதை இங்கே எழுதணுமா என்று யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் வினையே வந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வேறொரு கடைக்குப் போயிருந்தோம். "தண்டனை ஆனவங்களுக்கு ஓட்டெல்லாம் கிடையாதுக்கா" என்று மவுஸைக்கூடத் தொடாமல் அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரை என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

இந்தக் கடையில் பையன் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப வெளியதானண்ணே இருக்கீங்க? அப்புறம் என்ன?" அவர் அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவராம். 1951ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திரையில் திறந்து, 62ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவைத் தமிழில் சொன்னார். சிறைக்குள்ளேயோ போலீஸ் காவலிலேயோ இருக்கிற நாளில் ஓட்டுப் போட முடியாது. அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டால் போடலாம், ஜாமீனில் இருந்தாலும் போடலாம். குண்டாஸ் மாதிரி தடுப்புக் காவலில் இருப்பவருக்கு உள்ளே இருந்தே தபால் ஓட்டு உண்டு. ஆனால் தீர்ப்பே வராமல், ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் ரிமாண்டில் கிடக்கிறவனுக்கு இல்லை. 1997இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சரி என்றுதான் சொல்லியிருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

தம்பிக்கு வேறு சந்தேகம். "2024ல திகார் ஜெயில்ல இருந்துக்கிட்டே ஒருத்தர் பாரமுல்லால எம்.பி. ஆனாரே, அது எப்படி?" உள்ளே இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்கலாம், 2013இல் சட்டத்தைத் திருத்தி அப்படி ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை ஆனவர் விடுதலைக்குப் பிறகும் 6 வருஷம் நிற்க முடியாது. "நீங்க எம்.எல்.ஏ.வுக்கு நிக்கறதா இருந்தா மட்டும் கவலைப்படுங்கண்ணே" என்றார் பையன். வெளியே வந்த பிறகும் ஓட்டு போகிற குற்றம் எது என்று கேட்டேன். தேர்தல் லஞ்சம், ஆள்மாறாட்டம் மாதிரிக் குற்றங்களில் தண்டனை ஆனால் 6 வருஷம் ஓட்டு இல்லையாம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் "அப்ப நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இருக்காதே" என்று சிரித்தார்.

சரி, சட்டம் எடுக்காத பேர் பட்டியலிலிருந்து எப்படிப் போச்சு? அது நான் செய்த வேலை. அவன் உள்ளே இருந்தபோது வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) டீச்சரிடம், அக்கம்பக்கம் காது கொடுக்கிறதே என்று, "வெளியூரோட போயிட்டான் டீச்சர்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். பேரை நீக்கிவிட்டார்கள். படிவத்தில் "இந்த முகவரியில் எப்போதிலிருந்து குடியிருக்கிறீர்கள்" என்ற இடம் வந்ததும் தம்பி விழித்தான். ஜெயில் என்பது குடியிருக்கிற இடமாகக் கணக்கில் வராது என்று 1950ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறதாம், 20ஆம் பிரிவில். அவன் எங்கேயும் குடிபோகவே இல்லை.

கேஸ் இருக்கா, தண்டனையா என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது, நானே மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். கடைசியில் பொய்த் தகவல் கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை என்று ஒரு வரி உண்டு. தம்பி அதை இரண்டு தடவை படித்தான்.

போட்டோவும் அங்கேயே. வெள்ளைத் துணி முன்னால் நிறுத்தியதும் தம்பி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினான். உள்ளே போன அன்று சிலேட்டு பிடிக்க வைத்து எடுத்தார்களாம். பையனுக்குப் புரிந்ததோ என்னவோ, "கையைத் தொங்க விடுங்கண்ணே, முகம் மட்டும் போதும்" என்றார்.

வாங்கினது 60 ரூபாய். படிவத்துக்கு அரசாங்கம் காசு வாங்குவதில்லை, இது கடைக்கூலி. போனிலேயே போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம், கேள்வி இருந்தால் 1950 என்ற நம்பருக்கு போன் அடிக்கலாம். எனக்குத் தெரியாது, கொடுத்தேன். டீச்சர் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை கதவைத் திறந்தது தம்பி.

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்று குறைத்தது, உட்கார ஒரே ஒரு ஸ்டூல், மழை வந்தால் கரண்டு போகும், கரண்டு போனால் எல்லாம் முதலிலிருந்து. நாங்கள் மூன்று தடவை அடித்தோம். மதியம் ஒன்றரைக்குப் போகாதீர்கள், சாப்பிடப் போயிருப்பார்.