நாமே பாடத்திட்டம் போட்டுக்கொள்ளும் எம்.ஏ.: கடலூரில் இருந்தபடி படித்து முடித்த கதை

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: 5-க்கு 3.5. குறையும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிறது, முழுக்க ஆன்லைன், மொத்தம் 36 கிரெடிட், அதில் 10 தாள் போக மீதி 6 கிரெடிட் ஆய்வேடு. பகலில் சிப்காட்டில் லேப் வேலை, மற்ற நேரம் மஞ்சக்குப்பம் வீட்டு மாடி அறை என்று மூன்று வருடம் ஓட்டி முடித்தேன்.

இந்த மாதிரிப் படிப்பு அங்கே ஒன்றும் புதிதில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காலட்டின் பள்ளி 1972-இல் ஆரம்பித்தது, அங்கே எம்.ஏ.வையே மாணவர் தன் கேள்வியை வைத்து வடிவமைக்கலாம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகளைச் சேர்த்து ஒரு எம்.ஏ. இருக்கிறது. நம் பக்கத்தில் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் ஹார்ட் கோர் (கட்டாயத் தாள்), சாஃப்ட் கோர் (விருப்பத் தாள்) என்று பிரித்து வைத்திருப்பதால் வேறு துறைத் தாள் ஒன்றிரண்டு எடுக்க முடியும், ஆனால் பட்டம் ஏதாவது ஒரு துறையின் பெயரில்தான் வரும். எனக்கு அது போதவில்லை. சோனாங்குப்பத்து மீனவப் பெரியவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களை வரைபடத்தில் கொண்டுவர முடியுமா என்பதுதான் என் கேள்வி. நாட்டாரியல், கடல் சூழலியல், ஜி.ஐ.எஸ். (கம்ப்யூட்டரில் தகவலோடு வரைபடம் போடும் முறை) மூன்றும் வேண்டும், நான் படித்ததோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எந்தத் துறை வாசலில் போய் நிற்பது?

சேர்ந்தவுடன் பாடம் நடத்துவார்கள் என்று நினைத்தால் ஒரு படிவத்தைத்தான் அனுப்பினார்கள். எந்தத் தாள், எந்தப் பருவத்தில், ஏன் இந்த வரிசை என்று கட்டம் கட்டமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு பெரிய கட்டம்: இருக்கிற ஏதாவது ஒரு துறையிலேயே இதை ஏன் படிக்கக் கூடாது? முதல் தடவை ‘எனக்கு மூன்றிலும் ஆர்வம்’ என்று எழுதினேன், ஆர்வம் காரணமாகாது என்று திரும்பி வந்தது. நாலாவது தடவைதான் தேறியது. அந்த ஆறு வாரமும் எரிச்சலாக இருந்தது உண்மை. ஆனாலும் மூன்று வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது எங்கே என்று கேட்டால் அந்தக் கட்டத்தைத்தான் சொல்வேன்.

வகுப்பு நேரம் ஒரு கொடுமை. அவர்களுக்கு இரவு 7 மணி என்றால் நமக்கு விடியற்காலை 4.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அப்போது 5.30 ஆகும். அப்பாடா என்று நினைக்கும்போதே இங்கே மழைக்காலம் வந்து கரண்ட் போய்விடும். இரண்டு தடவை போன் டேட்டாவில் பாதி வகுப்பு, மீதியைப் பதிவில் பார்த்தேன். பதிவு கொடுக்கிறார்கள், அதற்கு நன்றி.

குறைக்கு வருகிறேன். மூன்று துறை என்றால் மூன்று வாத்தியார், மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கடலில் மீன்பிடிக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். கரையில் கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னால் ஒரு தோப்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அதேபோல் வேறு பக்கம் இன்னொரு ஜோடி, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை. அருமையாகச் சொன்னவர், எந்தத் தோப்பு என்று கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். “தம்பி, அந்த எடம் எங்கப்பா எனக்குக் காட்டுனது. நீ பேப்பர்ல போட்டா நாளைக்கு நாலு படகு அங்க வந்து நிக்கும்.”

அதை அப்படியே 20 பக்கம் எழுதி அனுப்பினேன். நாட்டாரியல் வாத்தியார், அவர் மறைத்ததும் தரவுதான், தோண்டாதே என்று பாராட்டினார். ஜி.ஐ.எஸ். வாத்தியார், வரைபடத்தில் புள்ளியே இல்லை, எதை மதிப்பிடுவது என்று மார்க்கைக் குறைத்தார். ஒரே கட்டுரை! இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டால், இது உங்கள் பாடத்திட்டம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஒரு வரிப் பதில். இவ்வளவு ஃபீஸ் வாங்கிவிட்டு! கடைசியில் புள்ளி வைக்காமல் கடலை 5 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்தக் காற்றுக்கு மீன்பிடித் தொழில் என்று மட்டும் குறித்தேன், வாடைக்கு ஒரு நிறம், கொண்டலுக்கு ஒரு நிறம், கச்சானுக்கு ஒரு நிறம். பெரியவரிடம் காட்டினேன், “இது பரவால்ல” என்றார். ஜி.ஐ.எஸ்.காரரும் ஒத்துக்கொண்டார்.

உள்ளூரில் எனக்குக் கைகொடுத்தது புதுச்சேரி செயிண்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-இல் தொடங்கியது. சைவ ஓலைச்சுவடி, உலர்த்தி ஒட்டிய செடிகள், தென்னிந்தியத் தாவர வரைபடங்கள் எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள். சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தவை. சனிக்கிழமை லேப் இருக்கும் என்பதால் இதற்காகவே மாதம் ஒரு நாள் லீவு போட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிவிடுவேன். நூலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டு மாலையில் கடற்கரையில் ஒரு நடை.

யார் சேரலாம்? கையில் கேள்வி இருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவர்கள். என்ன படிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று போனால் காசுதான் போகும். அரசு வேலை, கல்லூரி ஆசிரியர் வேலை கணக்கு இருந்தால் தயவுசெய்து வேண்டாம். இங்கே பட்டத்தின் பெயர்தான் எல்லாம். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே இது அதற்கு இணை, இது இணையில்லை என்று அரசாணை போடுகிறார்கள். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதவும் முதுகலையில் 55 சதவீதம் போதாது, அது எந்தப் பாடத்தில் என்றும் பார்ப்பார்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

போன மாதம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். முதுகலைப் பாடம் என்ற இடத்தில் அம்புக்குறியைத் தட்டினால் வேளாண்மையில் ஆரம்பித்து விலங்கியல் வரை ஓடியது. அடியில் ‘இதர’ என்று இருந்தது, அதைத் தட்டிவிட்டு சப்மிட் கொடுத்தேன்.