வோர்ட்டெக்ஸா, மாட் ஆர்கனைசரா? வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு நீண்ட நாள் அனுபவம்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டை 2019 முதல் விளையாடுகிறேன். இன்று அதில் இருநூற்றுச் சொச்சம் மாட்கள், அதாவது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்த சேர்க்கைகள், ஓடுகின்றன. மாட்களைப் போடவும் எடுக்கவும் உதவும் மாட் மேனேஜர்களில் எது நல்லது, வோர்ட்டெக்ஸா மாட் ஆர்கனைசரா என்று யாராவது கேட்டால், அது ஃபைல்களை எங்கே வைக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். திரை அழகாக இருக்கிறதா, பழக எளிதா என்பதெல்லாம் அப்புறம்.

முதல் ஆறு மாதம் என்னிடம் மேனேஜரே இல்லை. ஜிப்பைப் பிரித்து விளையாட்டின் டேட்டா ஃபோல்டரில் நேராகக் கொட்டினேன். சாலைக் கற்களின் டெக்ஸ்ச்சரை, அதாவது மேற்பரப்புப் படத்தை, மாற்ற ஒரு மாட் போட்டிருந்தேன். அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டதும் பழைய ஃபைல்கள் அழிந்துவிட்டன. இரண்டாவது பிடிக்காமல் எடுக்கப் போனால், எந்த ஃபைல் எந்த மாட்டுக்கு உரியது என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்து, விளையாட்டை முதலிலிருந்து இறக்கினேன்.

அப்புறம் இரண்டு வருஷம் வோர்ட்டெக்ஸ். மாட்கள் கிடைக்கும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தாரின் சொந்த மென்பொருள், இலவசம். மாட்களைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, டிப்ளாய் (மாட்களை விளையாட்டில் சேர்க்கும் கட்டளை) கொடுத்ததும் டேட்டா ஃபோல்டரில் ஹார்டு லிங்க் போடும். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பது போல. வட்டில் இடம் இரட்டிப்பாகாது. இரண்டு மாட்கள் ஒரே ஃபைலைத் தொட்டால் மின்னல் குறி காட்டி, எது பின்னால் வரவேண்டும் என்று கேட்கும். பிளகின் எனப்படும் மாட் ஃபைல்கள் எந்த வரிசையில் ஏறவேண்டும் என்பதை அதனுள் இருக்கும் லூட் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். ஆடிக் காற்றில் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். ஒருமுறை டிப்ளாய் பாதியில் இருக்கும்போதே போய்விட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி டிப்ளாய் கொடுத்தேன், சரியாகிவிட்டது. பர்ஜ் கொடுத்தால் லிங்க் எல்லாவற்றையும் விலக்கி விளையாட்டைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். நல்ல மென்பொருள், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஹார்டு லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் வேலை செய்யும். விளையாட்டு இருந்தது 256 ஜிபி எஸ்எஸ்டியில். டெக்ஸ்ச்சர் மாட்கள் பெருகப் பெருக அது திணறியது. பக்கத்திலேயே 1 டிபி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தது.

அதற்காகத்தான் 2021-இல் மாட் ஆர்கனைசர் 2-க்கு வந்தேன். முதல் மாட் ஆர்கனைசரை எழுதிய டானின்தான் பிறகு வோர்ட்டெக்ஸை உருவாக்கப் போனார். ஆனாலும் இரண்டும் வேறு வேறு வழி. ஆர்கனைசர் டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. விளையாட்டு ஓடும் நேரத்துக்கு மட்டும், மாட்கள் எல்லாம் அங்கே இருப்பதுபோல் மெய்நிகராகக் காட்டுகிறது. அதனால் மாட்கள் எந்த டிரைவிலும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இடப்பக்கப் பட்டியல். கீழே இருப்பது மேலே இருப்பதை வெல்லும், அவ்வளவுதான் விதி. ஒரு பெயரைத் தொட்டால் அது யாரை வெல்கிறது, யாரிடம் தோற்கிறது என்று நிறத்தில் தெரியும். சாலைக் கல் மாட்களை மேலும் கீழும் இழுத்துப் போட்டு, விளையாட்டில் வரும் ரிவர்வுட் கிராமத்துப் பாதையில் நடந்து நடந்து பார்ப்பேன். எதுவும் அழியாது என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதான் என்னை இதில் பிடித்து வைத்தது.

சிரமமும் உண்டு. சில மாட்களுக்குத் தேவைப்படும் எஸ்கேஎஸ்இ என்ற துணை மென்பொருளின் லோடரை (அதைத் தொடங்கும் ஃபைலை) விளையாட்டு ஃபோல்டரில் நாமே கையால் வைக்கவேண்டும். விளையாட்டையும் மற்றக் கருவிகளையும் ஆர்கனைசர் வழியாகத்தான் திறக்கவேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சித்தி மகன் ஒருநாள் ராத்திரி பதறிப்போய்ப் பேசினான்: "அண்ணே, மாட் பூராவும் காணாமப் போச்சுண்ணே!" ஒன்றும் போகவில்லை, விளையாட்டு வாங்கும் ஸ்டீம் செயலியில் நேராகத் திறந்திருக்கிறான். "எலே, ஆர்கனைசருக்குள்ள போயி ரன் குடு" என்றேன், எல்லாம் வந்துவிட்டது. அவன் விட்சர் 3, ஸ்டார்டியூ வேலி என்று மாறி மாறி விளையாடுகிறவன். பல விளையாட்டுகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வோர்ட்டெக்ஸ்தான் தோது. கடைசியில் அவனுக்கு அதையே போட்டுக் கொடுத்தேன்.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்களுக்குத் தரைத்தள வீடு. அம்மாவையும் அப்பாவையும் மாடிக்கு ஏற்றியதுதான் அன்று முக்கியம், கணினியை யார் நினைத்தார்கள்? தரையில் இருந்த கேபினெட் முழுகி, இரண்டு டிஸ்க்கும் போயின. தப்பியது, பரணில் இருந்த வெளி டிஸ்க். ஆர்கனைசரை போர்ட்டபிள் முறையில் போட்டிருந்ததால் மாட்கள், வரிசை, புரொஃபைல் (என் அமைப்புகளின் தொகுப்பு), அந்த புரொஃபைலின் சேவ் (சேமித்த ஆட்டம்) எல்லாம் ஒரே ஃபோல்டர். ஞாயிறுதோறும் அதைக் காப்பி எடுப்பேன். கடைசிக் காப்பி டிசம்பர் 10.

பொங்கல் கழித்துப் புது எஸ்எஸ்டி வாங்கி விளையாட்டை இறக்கி, அந்த ஃபோல்டரை அப்படியே வைத்தேன். விளையாட்டின் பதிப்பு மாறியிருந்ததால் எஸ்கேஎஸ்இ-யையும் அதை நம்பியிருந்த எட்டுப் பத்து மாட்களையும் மட்டும் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்து ஆட்டம் போனது போனதுதான். ஆனால் ரன் கொடுத்ததும் ரிவர்வுட் பாலத்தின் மேல், நான் தேர்ந்து வைத்த அதே கற்களின் மேல், என் ஆள் நின்றுகொண்டிருந்தான்.