55 நிமிஷமாம்! விமானம் எங்கே?

“சேலத்துல இருந்து தூத்துக்குடிக்கு ஃப்ளைட்ல 55 நிமிஷம்தானாமே, டிக்கெட் எங்கண்ணே போடுறது?” என்று ஓமலூர் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த 55 எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் இணையதளத்தை நானும் வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறேன்.

தூரத்தில் குறை சொல்ல மாட்டேன். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் நேர்கோட்டில் சுமார் 338 கி.மீ. என்கிறது, அட்சரேகை தீர்க்கரேகை வைத்து நானே போட்டுப் பார்த்தாலும் அதுதான் வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த வரைபடக் கோடு. தூத்துக்குடி எங்கேயோ கிழக்கு மூலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், கோடோ தூக்குக்குண்டு விட்ட மாதிரி சேலத்திலிருந்து நேர் தெற்கே இறங்குகிறது. இரண்டு நிலையமும் 78 டிகிரி கிழக்கை ஒட்டித்தான் இருக்கின்றன. இப்படி ஊர் ஊராகக் கோடு போட்டே பல ராத்திரி போயிருக்கிறது.

எரிச்சல் முழுக்க அந்த நேரத்தில்தான். எந்த ஊரைக் கொடுத்தாலும் மணிக்கு 800 கி.மீ. வேகம், மேலே ஏற இறங்க ஒரு அரை மணி, அவ்வளவுதான் அதன் கணக்கு. அது ஜெட் வேகம். சேலத்துக்கு வந்து போவது இரண்டு காற்றாடி வைத்த ஏடிஆர், கூட்டிக் கழித்தால் 500 கி.மீ. வேகம். அந்தக் கணக்கில் 70 நிமிஷம் ஆகும். சரி, தூத்துக்குடியில் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று, ஜெட்டே இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாதே! இல்லாத விமானத்துக்கு 55 நிமிஷம் என்று நிமிஷ சுத்தமாகப் போடுகிறவர்கள், “இந்தத் தடத்தில் சேவை இல்லை” என்று ஒரு வரி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

விமானத்தில்தான் போக வேண்டும் என்றால் சென்னை மாதிரி வேறோர் ஊர் வழியாகச் சுற்ற வேண்டும். சேலம் சென்னை 266 கி.மீ., அங்கிருந்து தூத்துக்குடி 527. ஆக 793 கி.மீ., நேர்கோட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் மீனம்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் தனி.

அப்புறம் தேடும் பெட்டி. ‘சேலம்’ என்று அடித்தால் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துச் சேலம்தான் முதலில் வரும், கவனிக்காமல் அழுத்தினால் தூத்துக்குடி 13,000 கி.மீ.க்கும் அப்பால் போய்விடும். பெயருக்குப் பதில் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை அடிப்பதானாலும், திருநெல்வேலிக்காரர்கள் ஊர் ஞாபகத்தில் டி.ஐ.ஆர். (TIR) என்று அடிக்காதீர்கள், அது திருப்பதி.

பயணத் திட்டத்துக்கு இதை நம்பாதீர்கள், ஐந்துக்கு ஒரு மார்க்தான் தருவேன். பக்கத்தைச் சேமித்து வைத்திருப்பதை எடுக்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

நண்பருக்குச் சொன்னது: நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று காரை விடுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும், சென்னை சுற்றிப் பறந்து வருகிறவருக்கு முன்னாலேயேகூடப் போய்ச் சேர்ந்தாலும் சேரலாம்.