நீலக்கண் குட்டிக்கு மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து ஏமாந்தேன்: ராஜபாளையம் நாய் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

போன வாரம் மச்சான் ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது உங்க ஆளுதானே?" என்று கேட்டிருந்தான். அதே தகரக் கொட்டகை, அதே நீலத் தார்ப்பாய், அந்த ஆளின் கையில் வெள்ளை வெளேரென்று ஒரு குட்டி. கீழே, 'ஒரிஜினல் ராஜபாளையம், அபூர்வ நீலக்கண், ஒரே ஒரு குட்டிதான் பாக்கி' என்று போட்டிருந்தது. எங்களுக்கு விற்றபோதும் 'ஒரே ஒரு குட்டிதான்'. ஏமாந்ததை ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டேன். இதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் மதுரையில் இருக்கிறோம். காம்பவுண்டு சுவரோடு சொந்த வீடு, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், ரெண்டு வருடமாக நாய் நாய் என்று நச்சரிப்பு. வாங்கினால் நாட்டு நாய்தான் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 2005-ல் தபால் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று, 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களோடு இதையும் சேர்த்துச் சொன்னார் என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். குட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி படித்திருந்தால் உருப்பட்டிருக்கும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு மணி நேரக் கார் பயணம். ராஜபாளையம் பக்கம்தான், ஊரின் பெயர் வேண்டாம். அங்கே நேர்மையாக, தலைமுறையாக இந்த நாய்களை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைக் கெடுக்க எனக்கு இஷ்டமில்லை. கொட்டகைக்குள் ஐந்து குட்டிகள். அந்த ஆள் கையைத் தட்டினார், ஐந்தும் உருண்டு புரண்டு ஓடி வந்தன. நாலு குட்டிக்குக் கண் வெளிர் பொன்னிறம், ஒன்றுக்கு மட்டும் பளிங்கு மாதிரி நீலம். என் மகள் அதைத்தான் தூக்கினாள் என்று சொல்லவே வேண்டாம். "பாப்பாவுக்கு நல்ல கண்ணு சார், நீலக்கண்ணு ஆயிரத்துல ஒண்ணுதான் வரும். மத்தது பன்னெண்டு, இது பதினைஞ்சு" என்றார். பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. நானும் அபூர்வம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பணம் ஐயாயிரம் ஏற்கெனவே ஜிபேயில் அனுப்பியிருந்தேன். மீதியை ரொக்கமாகத்தான் கேட்டார், ஏதோ பேங்க் லிமிட் என்றார். ரசீது கேட்டதற்கு, "நாய்க்குட்டிக்கு யாரு சார் பில்லு போடுறாங்க, நாங்க நாலு தலைமுறையா இருக்கோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தாய் நாயைப் பார்த்தோம், எலும்பும் தோலுமாக இருந்தது. தகப்பன் எங்கே என்றால் 'தோட்டத்துல கட்டிக் கெடக்கு'. தோட்டம் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஐம்பது நாள் குட்டி, ஒரு ஊசி போட்டாச்சு என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு, உலகத்தையே ஜெயித்த மாதிரி வந்தோம்.

மறுநாளே முதல் அடி. கால்நடை மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். எட்டு வாரத்துக்குள் பால்பற்கள் இருபத்தெட்டும் ஏறக்குறைய வந்திருக்க வேண்டுமாம், இதற்குக் கடைவாயில் முளைக்கவே ஆரம்பிக்கவில்லை. "ஐம்பது நாளா? நாப்பதுகூட இருக்காது சார்" என்றார். அப்புறம் அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஊசி மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஆனால் போட்ட டாக்டரின் கையெழுத்தும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். போடாத ஊசி என்றே வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த வயதில் ஊசியில்லாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் வாந்தியும் ரத்தபேதியுமாகச் சில நாளில் போய்விடும், வரவில்லை, எங்கள் அதிர்ஷ்டம். வயிறு நிறைய நாக்குப்பூச்சி மட்டும் இருந்தது.

அந்த ஆளுக்குப் போன் செய்தேன். "அஞ்சு நாளு முன்ன பின்ன இருக்கும் சார், இதுக்கெல்லாமா?" என்றார். விட்டுவிட்டேன். அன்றைக்கே விட்டிருக்கக் கூடாது.

குட்டிக்குப் பெயர் வைப்பதில் வீட்டில் மூன்று நாள் சண்டை. மகள் வைத்திருந்த இங்கிலீஷ் பெயர் எதுவும் என் மாமியார் வாயில் நுழையவில்லை. "நாய்னா மணி, இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி" என்று முடித்துவிட்டார். மணி வந்த முதல் மாதம் வீட்டில் ஒரு செருப்பு முழுசாக இல்லை, மிதியடி இல்லை, ராத்திரி மூன்று மணிக்கு ஹால் நடுவில் குளம். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. சாயங்காலம் நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது பின்னாலிருந்து வந்து முழங்காலில் மோதும் பாருங்கள், ஆபீஸில் பட்டதெல்லாம் அங்கேயே போய்விடும்.

ஆனால் கூப்பிட்டால் வராது. தட்டில் சோறு போடும் சத்தத்துக்கு எந்த நாயும் ஓடி வரும், இது வாசம் மூக்கில் பட்டால்தான் எழுந்திருக்கும். விளையாட்டில் கையைப் பிடித்தால் விடாது, நாம் ஆவென்று கத்தினாலும் இன்னும் அழுத்தும். 'வேட்டை நாய் ரத்தம், பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்' என்று நான் பெருமை பேசினேன். மாமியார்தான் தினமும் திட்டுவார், "எத்தனை தடவை கூப்பிடுறேன், காதுல வாங்குதா பாரு இந்தச் சனியன்!" வீட்டில் சரியாகக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான், அவருக்கே தெரியாது.

தீபாவளி வந்தது. தெருவில் இருக்கும் நாயெல்லாம் காருக்கு அடியிலும் சாக்கடை ஓரத்திலும் ஒடுங்கிக் கிடக்க, பக்கத்து வீட்டு லாப்ரடார் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, எங்கள் மணி வராந்தாவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்கிறது, காதுகூட அசையவில்லை. அதை வீடியோ எடுத்து, 'ராஜபாளையம்டா!' என்று குடும்பக் குழுவில் போட்டேன். மச்சான் மட்டும்தான் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, தப்பா நினைக்காதீங்க, அதுக்குக் காது கேக்குதா?"

மறுநாள் டாக்டர் பார்த்தார். மணியின் முதுகுக்குப் பின்னால் நின்று, காற்று படாத தூரத்தில், தட்டை ஸ்பூனால் அடித்தார், விசில் ஊதினார். அது சுவரில் போகும் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூளைக்குச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று மின்முனை வைத்துப் பார்க்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்தால் எந்தக் காது, எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும், ஆனால் இதற்கு அது தேவையே இல்லை, ரெண்டு காதும் கேட்கவில்லை என்றார்.

காரணத்தையும் அவர்தான் விளக்கினார். உட்காதில் சத்தத்தை உணரும் பகுதி உயிரோடு இருக்க அங்கே நிறமிச் செல்கள் வேண்டும். உடம்பு முழுக்க வெள்ளையாகப் பிறக்கிற நாய்களில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் காதுக்குள் போய்ச் சேருவதில்லை. பிறந்து மூன்று நாலு வாரத்துக்குள் அந்தப் பகுதி செத்துவிடும், அதற்குப் பிறகு எந்த மருந்துக்கும் திரும்பி வராது. அதே நிறமி கண்ணுக்கும் போகாவிட்டால் கண் நீலமாகிவிடும். அதனால் வெள்ளை நாய்க்கு நீலக்கண் என்றால் முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டுமாம். நான் எதை அபூர்வம் என்று மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேனோ அதுவே குறைக்கான அடையாளம். இது பரம்பரையில் வருவது, ரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் கூடிக்கொண்டே போகும். அந்தத் தகப்பன் நாயை ஏன் காட்டவில்லை என்று அப்போதுதான் யோசித்தேன்.

சரி, கொட்டகையில் கை தட்டியதும் ஓடி வந்ததே? மற்ற நாலும் ஓடின, கூடவே இதுவும் ஓடியது, அவ்வளவுதான்.

போன் செய்தேன். முதலில், "நீங்க குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போயிருக்கும் சார்." நிறமி விஷயத்தைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "சரி சார், பிரச்சினை வேணாம். கொண்டு வாங்க, அடுத்த ஈத்துல வேற குட்டி மாத்தித் தர்றேன்." நியாயமாகத்தானே பேசுகிறார் என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. "இதை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "அதை நாங்க பாத்துக்குவோம்" என்றார். ஒன்று, வேறொருவர் தலையில் கட்டுவார். இன்னொன்றை நான் எழுதவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பணத்தையாவது கொடுங்கள் என்று பிறகு கேட்டதற்கு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ரசீதும் ஊசி விவரமும் கொடுக்க வேண்டும். அந்தக் கொட்டகையில் இதில் ஒன்றுகூட இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் ரெண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை என்றார். பிறகு, "ஆதாரம் என்ன இருக்கு?" என்று கேட்டார். ஐயாயிரத்துக்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட், கையெழுத்தில்லாத அட்டை, அதுவும் முழுசாக இல்லை, மணி பாதியைத் தின்றுவிட்டது. அந்தப் பதினைந்தில் பத்து ரொக்கம். விளம்பரத்தைச் சேமித்து வைக்கவில்லை, போன் பேச்சைப் பதிவு செய்யவில்லை. வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், விற்றவரிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. இப்போது வந்திருக்கும் புது விளம்பரத்தைத் தேதியோடு சேமித்து வைத்திருக்கிறேன்.

மணி நன்றாகத்தான் இருக்கிறது. கையைக் காட்டினால் உட்காரும், தரையைக் காலால் ரெண்டு தட்டுத் தட்டினால் அதிர்வில் திரும்பிப் பார்க்கும், இருட்டில் டார்ச்சை ரெண்டு முறை அணைத்து எரித்தால் வந்துவிடும். தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடிக்க வருவதால், முதலில் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி வாசம் காட்டித்தான் எழுப்புகிறோம். வருகிற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவிடுகிறோம். சங்கிலி இல்லாமல் தெருவில் விடவே முடியாது, பின்னால் லாரி ஹாரன் அடித்தாலும் அதற்குத் தெரியாது. ஓடுவதற்கென்றே பிறந்த ஜாதி, அதைக் கயிற்றில் பிடித்து நடக்க வைப்பதுதான் தினமும் வலிக்கிறது. வைகைக் கரையில் நீளக் கயிறு கட்டி விடிகாலையில் ஓட விடுகிறோம். மாமியார் இப்போதும் 'மணி மணி' என்று கூப்பிட்டுக்கொண்டுதான் சோறு வைக்கிறார்.

மச்சான் அனுப்பிய விளம்பரத்தில் இருக்கும் குட்டி எங்கள் மணியின் தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம். அதற்குக் காது கேட்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே, அல்லது வேறு எங்கே வெள்ளைக் குட்டி பார்க்கப் போனாலும், கூட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனியே விடுங்கள். அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், காது கேட்காத குட்டியும் அதிர்வுக்குத் திரும்பும். முடிந்தால் தூங்கும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போது ஏமாற்ற முடியாது. தகப்பன் நாயைக் காட்டச் சொல்லுங்கள், முழுப் பணத்தையும் ஆன்லைனில் அனுப்புங்கள். கண்ணுக்குக் கூடுதல் பணம் கேட்டால், காதைச் சோதித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள், அந்த ஆளின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.