லோ சுகருக்கு வெல்லமா, குளுக்கோஸ் பவுடரா?

கேரளத்து மறையூர்க்காரன் தன் ஊர் வெல்லத்தை விட்டுக்கொடுத்துப் பேசுவது கஷ்டம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஆனாலும் லோ சுகருக்குப் பையில் எது இருக்கணும் என்றால், என் ஓட்டு குளுக்கோஸ் பவுடருக்குத்தான்.

காரணம் மூளை. உடல் எடையில் அது 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமிப்பும் கிடையாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, பசி. 54-க்குக் கீழே பேச்சு குழறும், சொன்னது புரியாது. இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம். சிலருக்குப் பக்கவாதம் மாதிரி ஒரு பக்கம் விழுந்துவிடும். நெடுநேரம் அப்படியே விட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே அடிபடலாம்.

அப்பாவுக்கு வந்தது உடுமலையிலிருந்து திரும்பும் பஸ்ஸில். சின்னாறு செக்போஸ்ட் தாண்டிவிட்டோம், சுற்றிலும் காடு. டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே "டிக்கெட் எங்கடா?" என்று என்னோடு சண்டை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. "மத்தியானமே தண்ணி போட்டுட்டாரா?" என்றார் பின்சீட்டுக்காரர். அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதில் மிஞ்சிய வெல்ல உருண்டை ஒன்று பையில் இருந்தது. கொடுத்தால் கடிக்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிடுங்கி, உடைத்து, பாட்டில் தண்ணீரில் கரைப்பதற்குள் எனக்கு உயிர் போயிற்று.

பவுடர் என்றால் மூன்று டீஸ்பூன், சுமார் 15 கிராம், உடனே கரையும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. வெல்லம் பெரும்பாலும் சுக்ரோஸ். குடலில் உடைந்த பிறகுதான் குளுக்கோஸ். சர்க்கரை நோய்க்கு வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த உடைப்பையே மாத்திரை தடுத்துவிடும். சீனியும் அப்படித்தான். அவர்களுக்குக் குளுக்கோஸ் மட்டுமே வழி. மற்றவர்களுக்குக் கரைத்த வெல்லமோ சீனித் தண்ணீரோ மோசமில்லை.

சாக்லேட்? அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். விடுங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டியதுதான். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றுவார்கள். வீட்டில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போடலாம். ஆனால் அது கல்லீரலில் இருக்கும் இருப்பைத்தான் வெளியே எடுக்கும்; நாள் கணக்கில் சாப்பிடாதவரிடம் பலன் குறைவு.

பஸ்ஸில் அந்த வெல்லத் தண்ணீரைக் குடித்து அப்பா தெளிந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "உருண்டையை யார்றா உடைச்சது?"

மறையூரில் இறங்கியதும் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவர் போடும் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு வெகுநேரம் வேலை செய்யும். ஏறிய சுகரை மறுபடி இறக்கிவிடும்.