மண்டபம் முகாம் ரோட்டு ஜெராக்ஸ் கடை: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு இருந்ததாம், ஏதோ ஒரு ஐப்பசிக் காற்றில் போனதை அப்புறம் யாரும் திரும்ப மாட்டவில்லை. மண்டபம் முகாம் ரயில் நிலையத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்து டீக்கடையில் "ஜெராக்ஸ் அக்கா கடை" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். சின்ன அறை, முக்கி முனகும் ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், வெளியே தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே ஒரு பெஞ்ச், அவ்வளவுதான். ஆதார் திருத்தம், பான் கார்டு, மீன்பிடித் தடைக்கால நிவாரண விண்ணப்பம் என்று எல்லா ஊரிலும் நடக்கிற வேலை இங்கேயும் நடக்கிறது. அதற்காக இதை எழுதவில்லை. இலங்கைப் பேப்பர் வேலைக்கு, அதாவது பிறப்புப் பதிவு, குடியுரிமைச் சான்றிதழ், கடவுச்சீட்டு விண்ணப்பம் இதற்கெல்லாம், இந்தக் கடற்கரையில் நான் ஏறி இறங்கிய இடங்களில் உருப்படியாக இருந்தது இது ஒன்றுதான்.

நான் 1993-ல் இந்த மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் 1990-ல் இலங்கை மன்னார் பக்கத்துப் பேசாலையிலிருந்து படகில் வந்தவர்கள். டிப்ளமோ முடித்துவிட்டு, முகாமில் பாதிப் பேர் செய்கிற மாதிரி, பெயிண்ட் அடிக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு துபாயில் ஒரு வேலை வந்தது, பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்போதுதான் சரி, ஏதாவது ஒரு நாட்டின் பேப்பரையாவது எடுத்துவிடுவோம் என்று ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். எட்டாயிரம் ரூபாய் வாங்கினார். பதினோரு மாதம் "போயிருக்கு, வந்துரும்" என்றார். கடைசியில் கட்டு அப்படியே திரும்பி வந்தது. அப்பா பெயர் ஒத்துப்போகவில்லையாம்.

அந்தக் கட்டோடுதான் அக்கா கடைக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. என் பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, பள்ளிக்கூட டி.சி., அப்பாவின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்யாணப் பதிவு என்று எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பென்சிலால் அப்பா பெயர் வரும் இடத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, இந்தக் கட்டுல மூணு அப்பா இருக்காங்க. நீங்க எந்த அப்பாவை அனுப்பப் போறீங்க?" என்றார்.

சிரிப்பு வந்தது, ஆனால் விஷயம் அதுதான். இலங்கைப் பத்திரத்தில் பாட்டன் பெயர் முழுசாக முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். இங்கே வந்ததும் பாட்டன் ஒற்றைத் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடுவார். அதிலும் முகாமில் முதன்முதலாகப் பதிந்தவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தியிருப்பார், ஆங்கிலத்தில் போகும்போது ஒரு இடத்தில் 'எச்' சேரும், இன்னொரு இடத்தில் கழன்றுவிடும். முப்பது வருஷம் இது யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை, ஏனென்றால் முப்பது வருஷமாக எங்கள் பேப்பரை யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. முதலில் இந்தியப் பிறப்புச் சான்றிதழைத் திருத்து, அப்புறம் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கு, அதற்கு அப்புறம்தான் விண்ணப்பம் என்று வரிசை சொன்னார். நாலு மாதம் அலைந்தேன். அந்த நாலு மாதத்துக்கும் சேர்த்து அக்கா என்னிடம் வாங்கியது 350 ரூபாய், ஜெராக்ஸ் தனி.

இந்தக் கடையில் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி "மன்னாரா, யாழ்ப்பாணமா, மலையகமா?" என்பதுதான். முதலில் ஊர்க்கதை பேசுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சட்டமே அங்கேதான் பிரிகிறது. என்னைப் போன்றவர்களுக்கு வம்சாவளிக் குடியுரிமை: வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் பதிய வேண்டும், தவறினால் அமைச்சர் அனுமதிக்கும் காலத்துக்குள். 2003 திருத்தத்துக்கு முன்பு அது அப்பா வழியாக மட்டும்தான் வந்தது, இப்போது அம்மா வழியாகவும் வரும். மலையகத்தார் கதை வேறு. 1948-ல் அந்த நாடு விடுதலை வாங்கிய கையோடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து போன மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். வாழைத்தார் ஏலத்தில்கூட அதற்கு மேல் யோசிப்பார்கள். அந்த அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்தவருக்கும் அவர் வம்சத்துக்கும் குடியுரிமை என்று 2003-ல் ஒரு சட்டம் வந்தது, சரி, கலவரத்துக்குப் பயந்து இங்கே ஓடிவந்து கிடப்பவர் எப்படி 'நிரந்தரமாக இருந்தவர்' ஆவார் என்ற சிக்கலுக்கு 2009-ல் திருத்தம் போட்டார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அக்கா பாதி, பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் பாதி. அவருடைய தாத்தா இலங்கைத் தோட்டத்துக்குப் போகும்போது வெள்ளைக்காரன் காலத்தில் இதே மண்டபம் முகாமில்தான் நோய் பார்க்க அடைத்து வைத்திருந்து கப்பல் ஏற்றினார்களாம். பேரன் திரும்பி வந்ததும் இதே முகாம். "போறப்பவும் ஊசி, வர்றப்பவும் ஊசி" என்று கையைத் தட்டிக் காட்டினார்.

இந்தியப் பேப்பர் கேட்டு வருகிறவர்களிடமும் அக்கா நேர்மையாகவே பேசுகிறார், அதுவும் எனக்குப் பிடித்தது. என் வீட்டுக் கதையே இருக்கிறது. என் மனைவி குடும்பம் 1985-ல் வந்தது. மச்சான் 1986-ல் பிறந்தார், மனைவி 1989-ல். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே ஆஸ்பத்திரி. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன், அதற்கு அப்புறம் பிறந்தவருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, மச்சானுக்கு வழி உண்டு, தங்கைக்கு இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது, அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார், அந்தச் செய்தியை அக்கா பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மச்சானிடம் அதைக் காட்டி, "உங்களுக்கு நான் வேணாம், வக்கீல் வேணும்" என்று சொல்லி ஒரு பைசா வாங்காமல் அனுப்பிவிட்டார். ராமநாதபுரத்து ஆள் என்றால் அதற்கும் ஒரு எட்டாயிரம் போட்டிருப்பார்.

என் மனைவிக்கு? 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் உண்டு, இருபது மைலுக்குள் இருக்கிற இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு உத்தரவு போட்டது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாது. முகாமில் அன்றைக்குச் சிலர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். அக்காதான் அதைத் தமிழில் படித்துக் காட்டி, "இருக்கலாம்னு சொல்லிருக்காங்க, நம்ம ஆளுன்னு சொல்லல" என்று இனிப்பைத் தொண்டையில் நிறுத்தினார்.

பெஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடையின் உண்மையான சர்வீஸே அந்தப் பெஞ்ச்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு பக்கம் எங்களைப் போன்ற பழைய ஆட்கள். இன்னொரு பக்கம் 2022-ல் வந்தவர்கள். அந்த வருஷம் மார்ச் 22-ம் தேதி தனுஷ்கோடிப் பக்கம் இரண்டு படகில் பதினாறு பேர் வந்தார்களே, அதிலிருந்து தொடங்கியது. சண்டைக்குப் பயந்து வந்தவர்கள் இல்லை, அரிசி விலைக்கும் பால்மாவுக்கும் பயந்து வந்தவர்கள். அவர்களிடம் அந்த நாட்டு அடையாள அட்டை பளபளவென்று இருக்கிறது, அதை வைத்து அங்கே ஒரு சிலிண்டர் வாங்க முடியவில்லை. எங்களிடம் அட்டை இல்லை, ஆனால் முகாம் அரிசி உண்டு, மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் உண்டு. ஆளுக்காள் மற்றவர் பேப்பரைப் பொறாமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அங்கே நடந்ததை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் ஏப்ரலில் கை விரித்தது, மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலேயே கிடந்தன, கொழும்பு காலிமுகத்திடலில் சனம் கூடாரம் போட்டு உட்கார்ந்தது, ஜூலை 9-ம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, 13-ம் தேதி கோட்டாபய நாட்டை விட்டே ஓடினார். ஜனாதிபதியே ஓடின நாட்டிலிருந்து நாங்கள் ஓடி வந்தால் மட்டும் குற்றமா என்று ஒரு தம்பி கேட்டான். பெஞ்சில் பதில் இல்லை.

பேசாலையில் இருக்கும் என் மாமி 2024-ல் அங்கே ஜனாதிபதித் தேர்தலில் அநுர ஜெயித்தபோது போன் போட்டு அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார். அந்த நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே அவர் கட்சி முதலில் வந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாமி: "வோட் போட்டனாங்கள் தம்பி, கச்சேரிக்குப் போனா இன்னும் நாளைக்கு வாங்கோ எண்டுதான் சொல்லுறாங்கள்." கச்சேரி என்றால் அங்கே மாவட்டச் செயலகம். வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதற்கப்புறம் வருஷக்கணக்காகத் தேர்தலே வைக்கவில்லை என்று அதற்கும் ஒரு மூச்சு திட்டினார். திட்டி முடித்து, "உங்கட றோலர் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது" என்று எனக்கும் ஒரு பங்கு வைத்தார். றோலர் என்றால் டிராலர், இழுவைப்படகு. உங்கட றோலராம்! ராமேஸ்வரத்தில் நான் பெயிண்ட் அடிக்கிற விசைப்படகுக்காரர் என்னைச் "சிலோன்காரன்" என்று கூப்பிடுகிறார், மாமி என்னை இந்தியாக்காரன் கணக்கில் எழுதிவிட்டார்.

2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் திரும்பிப் போன 75 வயதுப் பெரியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே பிடித்தார்கள், அந்தக் காலத்தில் அனுமதி இல்லாத வழியாக நாட்டை விட்டுப் போனதற்காக. குண்டு விழும்போது குடியகல்வு முத்திரை குத்திக்கொண்டா படகேறுவார்கள்? அந்த வாரம் பெஞ்சில் ஆளே இல்லை என்று அக்கா சொன்னார். பாதியில் நின்ற விண்ணப்பங்களைத் தூக்கிப் போடாமல் பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார், மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடலாம். கட்டண அட்டை இல்லை, அக்கா நியாயமாகத்தான் வாங்குகிறார், ஆனாலும் புதிதாக வருபவருக்குச் சந்தேகம் வரும். ஜெராக்ஸ் சில நேரம் வெளுத்து விழும், எடுத்ததும் அங்கேயே சரிபாருங்கள், எனக்கு அப்பாவின் பிறந்த தேதியில் ஒரு எண்ணே காணாமல் போயிருந்தது. அப்புறம் அக்காவின் வாய். பழைய பேப்பரைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் விடவே மாட்டார். படகு கவிழ்ந்தபோது போன பெட்டிக்கு என் அம்மா என்ன செய்வார்? அதை நான் கோபமாகவே சொன்னேன். ஒன்றும் பேசாமல், இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிரதி கேட்கும் விண்ணப்பத்தைத் திறந்து அம்மாவின் ஊரைக் கேட்டு நிரப்ப ஆரம்பித்தார். அதற்குக் காசும் வாங்கவில்லை. இருந்தாலும் ஒரு ஸ்டார் குறைத்தது அந்த வாய்க்காகத்தான்.

என் விண்ணப்பம் சென்னையில் இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. இந்தத் தடவை இதுவரை திரும்பி வரவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கப் போனபோது, அக்கா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டி, அதில் உள்ள எழுத்தை அப்படியே, ஒரு 'எச்' கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று நின்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போகிறவர்களுக்கு: அசல் பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலையில் பத்து மணிக்கே போய்விடுங்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போனால் மூன்றரைக்குத்தான் திறப்பார். முகாமில் ஆள் கணக்கெடுக்கிற செக்கிங் இருக்கும் நாளில் மதியத்துக்கு மேல் போகாதீர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம், உட்கார இடம் கிடைக்காது.